எந்த ஆயா?

காலை 6.20. வீட்டைப் பூட்டினேன். புதன்கிழமை. பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, பிளாஸ்டிக் கவரில் ஒரு தாள். பையின் ஜிப் ஓடாது. ஊக்கு குத்தியிருக்கிறேன். ஜிப்பைக் கெடுத்தது யார் என்று பிறகு சொல்கிறேன்.

காஞ்சிபுரம் போவது எனக்கு இது மூன்றாவது தடவை. முதல் தடவை வேலைக்கு ஆர்டர் வாங்கப் போனேன். இரண்டாவது தடவை கண் ஆஸ்பத்திரிக்கு. இப்போது போனது ஒரு சொல்லைத் திருத்துவதற்கு.

நான் அங்கன்வாடியில் உதவியாளர். பத்தொன்பது வருஷமாகச் சமைக்கிறேன், ஊட்டுகிறேன், கழுவி விடுகிறேன், தூங்க வைக்கிறேன். எட்டாவது வரை படிப்பு. கூட்டம் என்றால் டீச்சர்களைத்தான் கூப்பிடுவார்கள். நம்மைக் கூப்பிடுவதில்லை. நான் போய் வந்ததைக் கேள்விப்பட்டு, மற்ற ஊர்களில் என்னைப் போல வேலை செய்கிறவர்கள் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து ஏழு கிலோமீட்டர். பஸ் ஒன்பது மணிக்குத்தான். அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோ. ஓட்டுகிறவன் ஏழுமலை. என் கையில் சோறு தின்ற பிள்ளை. அப்போது மூக்கு ஒழுகும். இப்போது மீசை.

"இன்னா ஆயா, காலங்காத்தால பையத் தூக்கிக்கினு கெளம்பிட்ட? சென்டரு லீவா?"

"டீச்சர் கீறாங்க. நான் காஞ்சிபுரம் போறேன். மீட்டிங்கு."

"மீட்டிங்கா! உன்ன எதுக்குக் கூப்டாங்க? சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு கம்ப்ளெயின்ட்டா?"

"நீ மூணு வருஷம் தின்ன. அப்ப தெரியலயா உப்பு?"

பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். இருபது ரூபாய் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றான். சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

6.50. உத்திரமேரூர் பஸ் நிலையம். பனி இன்னும் விலகவில்லை. டீ பன்னிரண்டு ரூபாய். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் தாளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவளும் ஆயா, அப்பாவைப் பெற்றவளும் ஆயா. அங்கன்வாடியில் சோறு ஆக்கிப் போடுகிறவளும் ஆயா. இதில் ஊரில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. எனக்கு இருபத்தேழு வயதில் இந்த வேலை கிடைத்தது. முதல் நாளே ஒரு பிள்ளை ஆயா என்று கூப்பிட்டது. என் அம்மா பக்கத்தில் இருந்தாள். "அம்மா ஆவறதுக்கு முன்னாடியே ஆயா ஆயிட்டியேடி அஞ்சலை" என்று சிரித்தாள். பிறகு நான் அம்மா ஆகவில்லை. அது இருக்கட்டும்.

எங்கள் மையத்தை மாலை நாலு மணிக்குப் பூட்டவேண்டும். சட்டம் அப்படி. வயல் வேலைக்குப் போகிற தாய்மார் ஆறு மணிக்கு வருவார்கள். கம்பெனிக்குப் போகிறவர்களை வேன் ஏழு மணிக்கு இறக்கிவிடும். நடுவில் இருக்கும் நேரத்துக்குப் பிள்ளைகள் என் வீட்டில் இருக்கும். யாரும் சொல்லிச் செய்ததில்லை. முதலில் ஒன்று வந்தது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தது. இப்படிப் பதினொன்று.

போன மழைக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சிக்காக இரண்டு பேர் டேப்லெட்டோடு வந்தார்கள். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை எந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஊர்களில் அங்கன்வாடியை மாலை ஏழு வரை திறந்து வைக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதுவார்களாம். கூட ஓர் ஆளும் போடுவார்களாம். முழுநாள் மையம் என்று பெயர். நல்ல யோசனை. எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். நான் அன்று அடுப்படியில் இருந்தேன்.

பத்து நாளைக்கு முன்னால் எங்கள் ஊருக்கான தாள் வந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். மல்லிகா டீச்சர் படித்தார். அவருக்கு இரண்டு ஊர் மையங்கள். மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. என்னைவிடச் சின்னவர்.

"அக்கா, சாயங்காலம் நாலுலேருந்து ஏழு வரைக்கும் யாரு பாத்துக்கிறாங்கன்னு போட்டுக்கீறாங்க பாரு. பாட்டி, பாட்டி, பாட்டி. பதினொரு வூட்டுலயும் பாட்டி. நம்ம ஊர்ல ஏதுக்கா இத்தன பாட்டி?"

எண்ணிப் பார்த்தேன். "ரெண்டுதான் கீது டீச்சர். ஒண்ணு படுத்த படுக்கை. இன்னொண்ணு நூறு நாள் வேலைக்குப் போவுது."

டீச்சர் என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீதாங்க்கா பதினொரு பாட்டியும்! ஆயான்னு சொன்னத பாட்டின்னு எழுதிக்கினு போய்ட்டாங்க."

நானும் சிரித்தேன். பிறகு டீச்சர் தாளைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. எங்கள் ஊருக்கு நேராக, குடும்பத்தில் பராமரிப்பு உள்ளது, முழுநாள் மையம் தேவையில்லை என்று இருந்தது.

டீச்சர் தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். புதன்கிழமை காஞ்சிபுரத்தில் கூட்டம் இருக்கிறது, அங்கே வந்து சொல்லுங்கள் என்றார்கள். இரண்டு பேரும் போனால் மையத்தைப் பூட்டவேண்டும். "நான் சமைச்சிக்கிறேன். நீ போக்கா. ஆயா நீதானே" என்றார். அப்படித்தான் நான் கிளம்பினேன்.

7.25. காஞ்சிபுரம் பஸ். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், வெண்டைக்காய் மூட்டையோடு. திருப்புலிவனம் வரை வயலில் அறுப்பு மிஷின்கள் நின்றிருந்தன. வைக்கோல் கட்டுகள் பனியில் நனைந்து கிடந்தன. வெங்கச்சேரி தாண்டிச் செய்யாற்றுப் பாலம். ஒரு பக்கத்தில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மீதி மணல், கோரை.

ஆற்றைத் தாண்டினால் மாகறல். பஸ் நின்றது. ஏறினார்கள், இறங்கினார்கள்.

"எறங்கறியாம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லைங்க. காஞ்சிபுரம்."

"பின்ன எழுந்து நின்னுக்கினு கீறியே?"

நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்தேன்.

மாகறல் நிறுத்தத்திலிருந்து உள்ளே அரை கிலோமீட்டரில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே கனிஷ்கா இருக்கிறாள். நாலு வயது முடியவில்லை. என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பதினொன்றில் ஒருத்தி. ஒன்றரை வயதில் வந்தாள். பையைக் கண்டால் விடமாட்டாள். ஜிப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக்கொண்டே இருப்பாள். ஜிப் செத்துப்போனது. அவள் விடவில்லை.

மழைக்குப் பிறகு எனக்கு ஜுரம். ஒன்பது நாள். முட்டி மடங்கவில்லை. பிள்ளைகளை யாரும் என் வீட்டுக்கு அனுப்பவில்லை. மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். கனிஷ்காவின் அம்மா சுகன்யாவுக்குக் கம்பெனி வேலை. நாலு நாள் லீவு போட்டாள். ஐந்தாவது நாள், இனிமேல் வராதே என்கிற மாதிரி பேசினார்களாம். குழந்தையை மாகறல் பக்கம் அக்கா வீட்டில் விட்டுவிட்டாள். எனக்கு ஜுரம் விட்டது. கனிஷ்கா திரும்பி வரவில்லை. "உனக்கு மறுபடி ஒடம்பு முடியலன்னா நான் எங்க போவேன் ஆயா? சென்டரே ஏழு மணி வரைக்கும் கீதுன்னா சொல்லு, அன்னிக்கே இட்டுக்கினு வந்துடறேன்" என்றாள். அவள் சொன்னது நியாயம்.

இப்போது சாயங்காலம் பத்துப் பிள்ளைகள். தட்டு மட்டும் பதினொன்று எடுத்துவிடுகிறேன்.

8.35. ஓரிக்கைப் பாலத்தில் பாலாற்றைத் தாண்டிக் காஞ்சிபுரம். பஸ் நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, முப்பத்தைந்து ரூபாய். கூட்டம் நடக்கும் இடத்துக்கு ஆட்டோ எண்பது கேட்டார்கள். ஷேர் ஆட்டோவில் இருபது.

9.30. பெரிய கட்டடம். வாசலில் காவலாளி.

"யாரும்மா?"

"ஆயா."

"பின்பக்கமா போம்மா. டீ வந்துடுச்சு, ஆள் இல்லாம தேடிக்கினு கீறாங்க."

பின்பக்கம் போனேன். ஒருவர் தட்டை நீட்டினார். இருபது கப் டீ. சொல்லிப் பார்க்க நேரமில்லை, ஆறிவிடும். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மூன்று வரிசை கொடுத்தேன். காலித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

10.40. சென்னையிலிருந்து வந்த மேடம் பேசினார். கண்ணாடி, காட்டன் புடவை, மெல்லிய குரல். பாதி ஆங்கிலம். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஆறு வயதுக்குள் மூளை வேகமாக வளர்கிறது. சோறு மட்டும் போதாது. குழந்தை ஒன்று சொன்னால் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பதில் வந்தால் அது இன்னொன்று சொல்லும். பதில் வராவிட்டால் சொல்வதை நிறுத்திவிடும்.

இதை யாரும் எனக்கு முன்பு சொன்னதில்லை. ஆனால் தெரிந்த மாதிரிதான் இருந்தது. கனிஷ்கா முதல் ஆறு மாசம் என் வீட்டில் பேசவே இல்லை. நான் பாட்டுக்கு வெங்காயத்திடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள், "வெங்காயம் அழுவுதா?" என்று கேட்டாள். இல்லடி, நான்தான் அழுவுறேன் என்றேன். அன்றிலிருந்து வாய் மூடவில்லை.

பிறகு திரையில் மேப் போட்டார்கள். எங்கள் ஒன்றியம் முழுக்கப் புள்ளிகள். சிவப்பு என்றால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஊர். முழுநாள் மையம் முதலில் அங்கே வரும். பச்சை என்றால் குடும்பம் பார்த்துக்கொள்கிற ஊர். எங்கள் ஊரைத் தேடினேன். பச்சை. நல்ல கொழுந்துப் பச்சை.

"இந்த ஊர்களோட பெரிய பலம் பாட்டிகள்" என்றார் மேடம். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கையைத் தூக்கினேன். டீக்குத்தான் தூக்குகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, கொஞ்ச நேரம் யாரும் பார்க்கவில்லை. எழுந்து நின்றேன்.

"எங்க ஊர்ல பதினொரு பாட்டி இல்லைங்க. அது நான்."

அரங்கம் சிரித்தது.

"நீங்க பாட்டி இல்லையா?" என்றார் மேடம்.

"இல்லைங்க. ஆயா."

"ஆயான்னா பாட்டிதானே?"

இப்போது டீச்சர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மைக்கைக் கீழே வைத்தார். அவர் சிரிக்கவில்லை. "சாப்பாட்டு நேரத்துல முத்துராஜைப் பாருங்க. அவர்தான் உங்க பக்கத்து வேலையைப் பார்த்தவர்" என்றார்.

1.05. சாப்பாடு பொட்டலம். சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பாக்கெட் பிஸ்கெட். பிஸ்கெட்டைப் பைக்குள் வைத்தேன்.

முத்துராஜ் இருபத்தைந்து வயதுப் பையன். திருநெல்வேலிப் பக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"டீ நல்லா இருந்துச்சும்மா" என்றான். பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான். "தப்பு எங்க மேலதான். எங்க ஊர்ல ஆயான்னா அங்கன்வாடி ஆயா மட்டுந்தான். பாட்டிய ஆச்சிம்போம். இங்க வேலைக்கு வரும்போது ஒரு பேப்பர் குடுத்தாங்க. இந்தப் பக்கத்துப் பேச்சு பேப்பர். வூடுன்னா வீடு, இன்னான்னா என்ன, ஆயான்னா பாட்டின்னு போட்டிருந்துச்சு. அதப் பாத்துப் பாத்து எழுதுனேன். சரியா எழுதுதேன்னு ஒரு பெருமை வேற."

"பேப்பர் பாக்காம எழுதியிருந்தா?"

"சரியா இருந்திருக்கும்."

கவனமாகச் செய்த பிள்ளை. அவனைத் திட்ட மனம் வரவில்லை.

டேப்லெட்டைத் திறந்தான். எங்கள் ஊர். மாலை நாலு முதல் ஏழு. ஆறு கட்டங்கள். அவன் படித்தான், நான் கேட்டேன்.

"தாய். தந்தை. பாட்டி அல்லது தாத்தா. மற்ற உறவினர். சம்பளத்துக்கு வைத்த ஆள். யாருமில்லை. இதுல நீங்க எதுல வருவீங்க? பிள்ளைங்க வீட்டுல இருந்து காசு வாங்குதீங்களா?"

"இல்ல."

"சொந்தமா?"

"இல்ல."

"அங்கன்வாடின்னு போடலாம்னா, நாலு மணிக்கு மேல அந்தக் கட்டம் தொறக்காது."

"சென்டரும் நாலு மணிக்கு மேல தொறக்காது."

மேலும் கீழுமாக விரலை ஓட்டிப் பார்த்தான். "கீழ குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. உங்களப் பத்தி எழுதலாம். ஆனா மேப் குறிப்பைப் படிக்காதும்மா. கட்டத்த மட்டுந்தான் படிக்கும்."

"ஆறாவது போட்டா எங்க ஊரு சிவப்பு ஆவுமா?"

"ஆகும்."

"போடு தம்பி."

அவன் போடவில்லை. "அது எப்படிம்மா? நீங்கதான் எதுக்க உக்காந்திருக்கீங்களே. யாருமில்லைன்னு எப்படிப் போட?"

"நான் சம்பளத்துல இல்ல. சொந்தத்துல இல்ல. எனக்கு ஜுரம் வந்தா பதினொரு பிள்ளைக்கும் யாருமில்ல. ஜுரம் வந்துச்சு. அப்ப யாருமில்ல. போடு."

அவன் விரல் ஆறாவது கட்டத்துக்குப் போனது. ஒவ்வொரு வீடாகத் தொட்டான். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். யாருமில்லை, யாருமில்லை, யாருமில்லை. பதினொன்றாவது கனிஷ்காவின் வீடு. தொட்டான். புள்ளி சிவப்பானது. அதைச் சுற்றி ஒரு வட்டமும் வந்தது.

"வட்டம் இன்னா?"

"இன்னும் சரிபாக்கணும்னு அர்த்தம். மறுபடி நேர்ல வந்து கேப்போம். அவங்க வாயால சொன்னாத்தான் வட்டம் போகும். அதுக்கு அப்புறம் எந்த ஊருக்கு மையம்னு முடிவு பண்றது எங்க கையில இல்ல. மேல."

"எப்ப வருவீங்க?"

"அறுப்பு முடிஞ்சு."

பிறகு அவன், "உங்க பேரு என்னம்மா? குறிப்புல எழுதுதேன். மேப் படிக்காட்டா என்ன, ஆள் யாராவது படிக்கட்டும்" என்றான்.

அஞ்சலை என்றேன். சொல்லும்போது வேறு யார் பெயரோ மாதிரி இருந்தது. சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது தவிர அந்தப் பெயர் வெளியே வருவதில்லை.

2.10. திரும்பும் பஸ். உத்திரமேரூருக்கு டிக்கெட் எடுத்தேன், அதே இருபத்தைந்து. ஓரிக்கைப் பாலத்தில் வெயில். மாகறலில் பஸ் நின்றபோது இந்தத் தடவை எழுந்து நின்றது எனக்குத் தெரிந்தேதான்.

"இன்னாம்மா, உத்திரமேரூருக்கு டிக்கெட் எடுத்துக்கினு இங்க எறங்கற? மீதிக் காசு தரமாட்டேன்" என்றார் கண்டக்டர்.

"வாணாம்."

2.50. அரை கிலோமீட்டர் நடந்தேன். அங்கன்வாடி ஏரிக்கரை ஓரம். புதுக் கட்டடம். சுற்றுச் சுவர், கேட், கேட்டுக்குப் பூட்டு. சுவரில் யானையும் மயிலும் வரைந்திருந்தார்கள். இரண்டு மின்விசிறி, இரண்டும் ஓடின. எங்கள் மையத்தில் ஒன்று, அதுவும் கரண்ட் இருந்தால். எங்களுக்குச் சுவர் இல்லை. ஆடு உள்ளே வரும். பிள்ளைகள் ஆட்டுக்கும் சேர்த்து வணக்கம் சொல்லும்.

பிள்ளைகள் தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். கனிஷ்கா நடுவில். இரட்டைப் பின்னல் போட்டு, நுனியில் சிவப்பு ரிப்பன். நன்றாகப் பின்னியிருந்தார்கள். நான் பின்னினால் ஒரு மணி நேரத்தில் அவிழ்ந்துவிடும்.

என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஓடி வரவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து நடந்து வந்து கேட்டுக் கம்பிக்குள் கையை விட்டு என் பையைப் பிடித்தாள். ஜிப்பைத் தேடினாள். ஊக்கைத் தொட்டாள்.

"இது இன்னா?"

"ஊக்கு. நீ ஜிப்ப ஒடச்சிட்ட இல்ல."

"ஆயா!" என்றாள்.

"இன்னாடி?" என்றேன் நான்.

"இன்னா கண்ணு?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவள் கூப்பிட்டது உள்ளே இருந்தவரை.

அந்த மையத்து ஆயா. முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். கையில் ஈரம். சாவியோடு வந்து கேட்டைத் திறந்தார். பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். கனிஷ்கா ஊக்கைக் கழற்றி, பையைக் கவிழ்த்து, பிஸ்கெட்டை எடுத்து எல்லோருக்கும் ஒன்று ஒன்றாகக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று. மடியில் உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் என் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது.

"வெங்காயம் அழுவுதா?" என்று கேட்டாள்.

"அழுவுது" என்றேன்.

3.40. அடுத்த பஸ். மறுபடி டிக்கெட், பன்னிரண்டு ரூபாய். உத்திரமேரூரிலிருந்து ஏழுமலை ஆட்டோ. "மீட்டிங்ல சோறு போட்டாங்களா ஆயா?" "போட்டாங்க." "உப்பு?" "கம்மி." 5.15-க்கு ஊர் வந்து சேர்ந்தேன். மொத்தம் அறுபத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும்.

மல்லிகா டீச்சர் என் வீட்டு வாசலில் பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். முடி கலைந்து கிடந்தது. "எப்படிக்கா தெனமும் பண்ற? நான் காலி" என்றார். சிவப்பு ஆகிவிட்டது, வட்டம் இருக்கிறது என்றேன். எப்படி ஆனது என்றும் சொன்னேன். "சரிதாங்க்கா. வேற வழி இல்ல" என்றார் டீச்சர்.

ஏழு மணிக்கு வேன் வந்தது. சுகன்யா இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னாச்சு ஆயா? வருமா?"

"வரலாம். அறுப்பு முடிஞ்சி மறுபடி கேக்க வருவாங்க. சாயங்காலம் பிள்ளைய யாரு பாத்துக்கிறாங்கன்னு கேப்பாங்க. ஆயான்னு சொல்லிடாத."

"பின்ன இன்னான்னு சொல்றது?"

"யாருமில்லன்னு சொல்லு."

சாப்பாட்டுக் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "அது எப்படி ஆயா? வாய் வராது."

"பதினொரு வூட்டுலயும் சொல்லணும். ஒருத்தர் மாத்திச் சொன்னாலும் வட்டம் போவாது. கனிஷ்கா வரணும்னா சொல்லு."

அவள் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் நானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் இல்லை என்று சொல்லுங்கள், நான் இல்லை என்று சொல்லுங்கள். ஏழு வீடு முடிந்தது. எல்லோரும் சுகன்யா கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அறுப்பு இன்னும் முடியவில்லை.

ஒன்றை மட்டும் டீச்சரிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்வார்.

அந்த ஊர் அங்கன்வாடியிலிருந்து கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டினார். "டீச்சர் காஞ்சிபுரம் மீட்டிங்குக்குப் போய்க்கீறாங்க. அவங்க இல்லாதப்ப யாரு வந்தாலும் இதுல எழுதணும்க்கா. சொந்தக்காரங்கள மட்டுந்தான் உள்ள வுடணும். ஏய் கனிஷ்கா, யாருடி இவங்க?"

"எங்க ஆயா" என்றாள் கனிஷ்கா.

"ஓ, ஊர்லேருந்து வந்துக்கீறாங்களா! அம்மாவப் பெத்த ஆயாவா, அப்பாவப் பெத்த ஆயாவா?"

கனிஷ்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நான் பேனாவை வாங்கினேன். நோட்டில் நாலு கட்டங்கள் இருந்தன. தேதி எழுதினேன். நேரம் எழுதினேன். பெயர் என்ற இடத்தில் அஞ்சலை என்று எழுதினேன். கடைசிக் கட்டம் உறவு முறை.

பாட்டி என்று எழுதினேன். ஆயா என்று எழுதினால் யாருக்காவது குழப்பம் வரும்.